மைக்செட் போட்ட சத்தம்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அவருடைய இடது கால் மட்டும் எப்போதும்போல் தனிக்கட்சி நடத்துகிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று நானே முடிவு செய்துகொண்டேன், உன் போன கடிதத்தில் குளிரைத் தவிர வேறொன்றும் இல்லையே. சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றது, மாடி வீட்டம்மா கோபம் தீர்ந்து பேச ஆரம்பித்துவிட்டாள், அதெல்லாம் கிடக்கட்டும், பெரிய சேதி வேறு. அப்பா ஸ்டேஷனுக்குள் போனார். வாசலோடு திரும்பவில்லை, இரண்டாம் பிளாட்பாரம் வரைக்கும் போனார். போனில் சொன்னால் பிடுங்கிக்கொண்டு அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சேதியையே அமுக்கிவிடுவார், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

குண்டு வெடித்த நாளுக்கப்புறம் அவர் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை, உனக்குத் தெரியும். என் தம்பியும் அவரும் சேர்ந்து நடத்திய புத்தகக் கடை அந்தப் பிளாட்பாரத்தில்தான் இருந்தது, உன் மாமா உயிரை விட்டதும் அந்தக் கடைக்குள்தான். அப்பா காலில் இரும்புத் துண்டோடு பிழைத்து வந்து, கடையைக் கைமாற்றிவிட்டு, தெருவில் ஜெராக்ஸ் கடை போட்டுக்கொண்டார். நீ ஊருக்கு வரும்போதெல்லாம் ரயிலடியில் நிற்பது நான், வீட்டு வாசலில் நிற்பது அவர். கல்யாணமாகி நீ கிளம்பிய அன்றுகூடக் கடையில் தலைக்குமேல் வேலை என்றார். கடை சாத்திக் கிடந்ததை ஆட்டோவிலிருந்து நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன்.

இந்த வருஷம் ஸ்டேஷனில், அன்று இறந்தவர்கள் பெயரைப் பொறித்த கல்லைத் திறக்கிறார்கள் என்று நர்ஸம்மா நேரில் வந்து கூப்பிட்டார்கள். குண்டு வெடித்த அன்றைக்கு ஊருக்குப் போக ரயிலுக்குக் காத்திருந்து, தங்கள் புடவைத் தலைப்பைக் கிழித்து அப்பா காலைக் கட்டினார்களே, அவர்கள்தான். அவர்களிடமே அப்பா முடியாது என்றுவிட்டார். எனக்கு வந்ததே கோபம். நீங்க இருங்க, என் தம்பி பேரை நான் ஒருத்தியே பாத்துட்டு வரேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன். தெருமுனை திரும்பும்போது பின்னால் காலை இழுத்து இழுத்து நடக்கும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் அந்த மனுஷன் நின்றுவிடுவார்.

டிக்கெட் கொடுக்கும் கூடம் வரை வந்தார். அங்கே தூணைப் பிடித்துக்கொண்டவர்தான், அசையவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. உள்ளே கூட்டம் எழுந்து நின்று மௌன அஞ்சலி தொடங்கிவிட்டது. சரி, இவ்வளவு தூரம் வந்ததே பெரிது, கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நான் அவர் கையைப் பிடித்த நேரத்தில்தான் நம் மைக்செட் அண்ணன் கிளம்பினார்.

உனக்கு அவரை நினைவிருக்கும், ஒல்லியாக, குரல் மட்டும் மைக்செட் வைத்து ஊரைக் கூட்டுகிற மாதிரி, சுமை தூக்குகிற அண்ணன். அன்றைக்குப் புகையில் கண் தெரியாமல் எல்லோரும் தவித்தபோது, வழி வழி என்று அவர் போட்ட சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் அப்பாவும் இன்னும் எத்தனையோ பேரும் தவழ்ந்து வெளியே வந்தார்கள். வேடிக்கை என்னவென்றால் அவர் யாருக்கும் வழி காட்டவில்லையாம். தள்ளுவண்டியில் அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு, தினமும் கத்துகிற மாதிரி, ஒதுங்குங்கள் என்ற அர்த்தத்தில்தான் கத்தியிருக்கிறார். உள்ளே இருந்தவர்களுக்கு அது இதோ வழி என்று கேட்டிருக்கிறது. விலகச் சொன்னேன், எல்லாரும் என்னைப் பாத்து வந்தாங்க என்று இன்றைக்கும் ஆச்சரியப்படுவார். அதற்காக அவர் சும்மா இருந்துவிடவில்லை, வந்தவர்களை வெளியே விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப அந்தப் புகைக்குள் போனார்.

அந்த வெடியில் அவர் காது மந்தமாகிவிட்டது. மௌன அஞ்சலி என்று மைக்கில் சொன்னது அவருக்குக் கேட்கவே இல்லை. விழாவுக்கு நாற்காலி பற்றவில்லை என்று இன்னும் கொஞ்சத்தை வண்டியில் அடுக்கிக்கொண்டு, ஊசி விழுந்தால் கேட்கிற அந்த அமைதிக்குள், வழி வழி வழி என்று கூடத்தைக் கிழித்துக்கொண்டு வருகிறார். மேடையில் பெரிய அதிகாரிக்கு முகம் சுண்டிப்போனது. முன்வரிசை மொத்தமும் திரும்பி முறைத்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டியது, அப்புறம் பார்த்தால் என் கைக்குள் அப்பா கை இல்லை. தூணை விட்டுவிட்டார். வண்டிக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறார் பாப்பா, அன்றைக்கு எந்தக் குரலைப் பிடித்து வெளியே வந்தாரோ அதே குரலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறார். நாலு அடி வைத்ததும் தானும் வழி வழி என்று கத்தினார். நர்ஸம்மா கத்தினார்கள். பிழைத்து வந்தவர்கள் ஒவ்வொருவராக ஆரம்பித்து, கடைசியில் ஸ்டேஷனே கத்தியது. அதிகாரியும் கத்தினார், நான் பார்த்தேன்.

விஷயம் புரிந்ததும் மைக்செட் அண்ணன் வண்டியை அப்படியே விட்டுவிட்டார். மன்னிச்சுக்கங்க, காதுல விழல என்று கையெடுத்துக் கும்பிட்டார். அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு விழுந்துச்சுண்ணே. அன்னைக்கும் விழுந்துச்சு, இன்னைக்கும் விழுந்துச்சு" என்றார். பிறகு கல்லில் உன் மாமா பெயரை விரலால் தடவித் தடவிப் பார்த்து, எழுத்துப் பிழை இல்லை, அவன் பார்த்திருந்தால் ஆளுக்கொரு புத்தகம் இனாமாகக் கொடுத்திருப்பான் என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதார். அழட்டும் என்று விட்டேன், நானும் அழுதேன். குண்டு வைத்தவன் யாராக இருந்தால் எனக்கென்ன, அந்த இடத்தில் இனி ஒருத்தரும் காலெடுத்து வைக்கக்கூடாது என்றுதானே வைத்தான். வந்து பார்க்கச் சொல், இன்றைக்கு நிற்க இடமில்லை. ஜெயித்தது நாங்கள்தான்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். ஒரு குறையும் இல்லாமல் இருவரும் நூறு வயது வாழ வேண்டும். அடுத்த முறை வரும்போது எந்த ரயில், எந்தப் பெட்டி என்று மறக்காமல் முன்கூட்டியே எழுது, அப்பா கேட்கச் சொன்னார். இனி நான் வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொள்வேன். நீ இறங்கும்போது ஒரு மனுஷன் காலை இழுத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, வழி வழி என்று கத்திக்கொண்டு வருவார். வெட்கப்படாதே, உன் அப்பாதான்.

இப்படிக்கு,
உன் அம்மா