கூரைக்கு மேலால் போன கம்பி

இன்று பின்னேரம் உன் மகள் டோயின் என் பனங்கிழங்கு ஒடியல் மாவைக் கொதிதண்ணீரில் கொட்டிக் கிளறிவிட்டாள். பள்ளிக்கூடத்தால் பசியோடு வந்து அலுமாரியைத் திறந்திருக்கிறாள். மண்ணிறத்தில் மாவைக் கண்டதும் உங்கள் ஊர் அமலாக் களிக்கான மா என்று நினைத்துவிட்டாள். நான் வேலையால் வந்து கதவைத் திறக்கும்போதே அந்தக் கசப்புக் கயர் மணம் முகத்தில் அடித்தது. சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் குசினிக்குள் ஓடினேன். கையில் அகப்பை, இடுப்பில் மற்றக் கை, ஒரு கால் முன்னுக்கு. நீ நிற்கிற மாதிரியே நின்றாள்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை. "சொறி அன்ரி, சொறி" என்று அவள் பதறினாள். உன்ரை அம்மாவும் இதே பிழைதான் விட்டவ என்று சொல்லி அவளை இருத்தினேன்.

உனக்கு ஒரு எழுத்தும் தெரியாத தமிழில் இதை எழுதுகிறேன். இங்கிலீஷில் எழுதினால் நீ எங்கிருந்தாவது பிழை திருத்துவாய். உயிரோடு இருக்கும்போது திருத்தியது போதும். நாங்கள் இங்கிலீஷில் பேசியதை எல்லாம் என் பாட்டுக்கு எங்கள் ஊர்ப் பேச்சாக மாற்றி எழுதப்போகிறேன், கோபிக்காதே.

ஸ்காபரோவில் இந்த மாடிக் கட்டிடத்துக்கு நீ வந்த புதுசில் என் கதவுக்கு எதிர்க் கதவு உன்னுடையது. உங்கள் நாட்டில் பட்டாளம் தேர்தலைச் செல்லாது என்று சொன்ன பிறகு நடந்த வேலைநிறுத்தத்தில் சேர்ந்து, வீட்டுக்குத் தேடி வந்தவர்களுக்குத் தப்பி ஓடி வந்தவள் நீ. லாகோஸ் துறைமுகக் கந்தோரில் கிளார்க் வேலை. மகளை உன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாய். இதெல்லாம் பிறகுதான் தெரியும். முதலில் எனக்குத் தெரிந்தது, நீ பட்டப்பகலிலும் வீட்டில் உள்ள லைட் எல்லாவற்றையும் போட்டுவைக்கிறவள் என்பதுதான். கதவு திறந்தால் கலியாண வீடு மாதிரி இருக்கும். ஒரு நாள் என் குசினியில் ஒடியல் மாவைக் கண்டு, கிழங்கைக் காயவைத்து இடித்த உங்கள் மாதான் இது என்று அடம்பிடித்து, ஊறவைத்துக் கயர் எடுக்க விடாமல் அப்படியே கிண்டினாய். வாயில் வைத்ததும் உன் முகம் போன போக்கு! ஆனாலும் துப்பவில்லை. முழுவதையும் விழுங்கிவிட்டு, "உங்கடை ஆக்கள் ஏன் இவ்வளவு கோபமாச் சமைக்கிறியள்?" என்று கேட்டாய். அன்றைக்குப் பிடித்துக்கொண்ட சினேகம்.

உன் அகதி விசாரணைக்கு நாள் வந்தபோது நான்தான் ஆறாம் மாடி அண்ணையைக் கூட்டி வந்தேன். எங்கள் கட்டிடத்தில் பாதிப் பேருக்குக் கேஸ் சொல்லிக்கொடுத்தவர். ஒரு லோயரிடமும் படிக்காத லோயர். அவர் உன் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, பட்டாளம் தேடினது சரி. ஆனால் உவையின்ரை பகுதி நல்லா முன்னேறின பகுதி. துறைமுகம், பாங்க், பக்டரி எல்லாம் அங்கைதான். உங்களுக்கு என்ன குறை, வேறை ஊரிலை போய் இருங்கோவன் எண்டு கட்டாயம் கேப்பினம். எங்களைக் கொழும்பிலை இருக்கலாம்தானே எண்டு கேட்ட மாதிரி. யொரூபா ஆக்களுக்கு ஒரு நன்மையும் கிடைக்கேல்லை எண்டு ஒரே பிடியா நிக்கச் சொல்லு."

நான் அதை உனக்குச் சொன்னபோது நீ தலையாட்டவில்லை. "அது பொய்" என்றாய்.

"பொய்யோ உண்மையோ, மகள் வரவேணுமோ வேண்டாமோ?" என்றேன்.

எனக்கும் அதே கேள்வி வந்ததுதான். என் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். படித்து வேலை முழுவதையும் பிடித்தவர்கள் நீங்கள்தானே என்று எங்களை எங்கள் நாட்டிலேயே முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார்கள். என் விசாரணையில் நான் அப்பாவின் உத்தியோகத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்றே சொல்லிப் பாஸ் பண்ணினேன். அது பிழை என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. உயிர் தப்ப வந்த இடத்தில் பெருமை பேச ஏலாது.

விசாரணை அறைக்குள் துணைக்கு ஒருவர் வரலாம் என்று என்னைக் கூட்டிப்போனாய். சின்ன அறை, கதவைச் சாத்திவிட்டார்கள். கேள்வி கேட்டவர் அமைதியான மனிசன், குரலை ஒருக்காலும் உயர்த்தவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கூட்டியது. அண்ணை சொன்ன கேள்வி மத்தியானத்துக்குப் பிறகு வந்தது.

"உங்கள் நாட்டிலேயே அதிகம் முன்னேறிய பகுதி உங்களுடையது. அந்த முன்னேற்றத்தால் உங்கள் மக்கள் நன்மை அடையவில்லையா? அதே பகுதியில் இன்னொரு ஊரில் நீங்கள் வாழ முடியாதா?"

நீ தண்ணீர் குடித்தாய். கிளாசை மெல்ல வைத்தாய்.

"ஓம், நன்மை அடைஞ்சனாங்கள்" என்றாய்.

கதை முடிந்தது என்று நினைத்தேன். டோயினை இனி நீ படத்தில்தான் பார்ப்பாய் என்று நினைத்தேன்.

"என்ரை அப்பா கொக்கோ மரம் வைச்சவர். எங்கடை காசை எங்கடை பகுதி அரசாங்கமே பாத்த காலத்திலை, அந்தக் கொக்கோக் காசிலைதான் பள்ளிக்கூடம் கட்டினது. நான் ஒரு சதமும் குடுக்காமல் படிச்சனான். இபதான் நகரத்திலை அந்தக் காசிலை எழும்பின உயர்ந்த கட்டிடம் ஒண்டு இருக்கு. அதைக் காட்ட அப்பா என்னைத் தோளிலை தூக்கிக்கொண்டு போனவர். ஒண்டும் கிடைக்கேல்லை எண்டு நான் சொன்னால், அவர் உழைக்கவே இல்லை எண்டு சொன்ன மாதிரி.

"பிறகு பட்டாளம் வந்தது, எண்ணெய்க் காசு வந்தது. காசு எங்கை போகவேணும் எண்டு எங்களைக் கேக்கிறதை விட்டிட்டினம். துறைமுகம் எங்கடை கரையிலைதான், அதைப் பூட்டித் திறக்கிற திறப்பு எங்கடை கையிலை இல்லை. எங்கடை ஆக்களிலை சிலபேர் பெரிய பணக்காரர் ஆனவை, அதையும் சொல்லத்தான் வேணும். ஆனால் லாகோஸ் பக்டரியளுக்குப் போற கரண்ட் கம்பி என்ரை அப்பாவின்ரை கூரைக்கு மேலாலை போகுது. மழைக்கு அது இரையும். அதுக்குக் கீழை என்ரை மகள் இப்ப மண்ணெண்ணெய் விளக்கிலை படிக்கிறாள்."

உன் லைட்டுகளின் கதை அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. நீ நிறுத்தவில்லை.

"வேறை ஊரிலை இருக்க ஏலாதோ எண்டு கேட்டியள். அந்தப் படிப்பாலைதான் எனக்குத் துறைமுகத்திலை வேலை கிடைச்சது. அந்தப் படிப்பாலைதான் தேர்தலை ஏன் செல்லாது எண்டு சொன்னியள் எண்டு கேக்கத் தெரிஞ்சது. கேட்டதாலை தேடி வந்தவை. எனக்குக் கிடைச்ச நன்மைதான் என்னைத் துரத்துது. எந்த ஊரிலை போய் நான் படிக்காதவள் மாதிரி இருக்கிறது?"

அந்த மனிசன் எழுதிக்கொண்டே இருந்தார். முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் உன்னைக் கிழித்தேன். "கேட்டதுக்கு இல்லை எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தால் காணும். மகளைவிட உனக்குக் கொப்பரின்ரை கட்டிடம் பெரிசோ?" நீ அடுத்த தரிப்பில் இறங்கி, கொட்டுகிற பனிக்குள் நடந்தே வந்தாய். அதற்குப் பிறகு லிஃப்டில் கண்டால் நீ மாடி நம்பரைப் பார்ப்பாய், நான் என் சப்பாத்தைப் பார்ப்பேன். உன் கதவுக்குக் கீழால் வெளிச்சம் தெரியும். தட்டுவோமா என்று நிற்பேன், பிறகு ரோசம் பிடித்துத் திரும்பிவிடுவேன். மகள் வரமுடியாமல் போனால் உன் முகத்தில் எப்படி முழிக்கிறது என்ற பயம் எனக்கு. பனி கரையும் வரைக்கும் அப்படியே போனது.

ஒரு சனிக்கிழமை நீ கதவைத் தட்டினாய். கையில் ஒரு சட்டி நல்ல அமலா. "ஏற்றுக்கொண்டிட்டினம்" என்று மட்டும் சொன்னாய். இரண்டு பேரும் வாசலிலேயே இருந்து அழுதோம். ஆறாம் மாடி அண்ணை கேள்விப்பட்டுவிட்டு, "நான் சொல்லிக்குடுத்ததாலைதான் வெண்டது" என்று கட்டிடம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். நீ அவரைத் திருத்தவில்லை. என்னை மட்டும்தானே திருத்துவாய்.

டோயின் வந்தாள். ரூஜ் பக்கம் வீடு ஒன்று வாடகைக்கு எடுப்போம், மேல்தட்டு உங்களுக்கு, கீழ்த்தட்டு எங்களுக்கு என்றெல்லாம் கதைத்தோம். அதற்குள் உனக்கு மருந்துக்கு மாறாத வருத்தம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு மகளின் கையை எடுத்து என் கையில் வைத்தாய். உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: எனக்கு அன்றைக்கு உன்னில் சரியான கோபம். இவ்வளவு பாடுபட்டு எடுப்பித்த பிள்ளையை இப்படி விட்டுவிட்டுப் போகிறாயே என்று.

இன்றைக்கு அந்தக் கயர்க் களியைச் சட்டியோடு நடுவில் வைத்துக்கொண்டு டோயின் கேட்டாள். நாளைக்கு வகுப்பில் அவள் எழும்பிப் பேசவேண்டுமாம். தங்கள் பகுதியின் முன்னேற்றத்தால் அங்குள்ள மக்கள் நன்மை அடைந்தார்களா என்பதுதான் விஷயமாம். உங்கடை ஆக்களுக்குத்தானே எல்லாம் கிடைச்சது என்று கூடப் படிக்கிற ஒருத்தி சொல்லிப்போட்டாளாம்.

"அம்மாவிட்டையும் இதைக் கேட்டவையாம். அவ என்ன சொன்னவ அன்ரி?"

சாத்திய அந்த அறைக்குள் நீ சொன்னதைக் கேட்டவர்களில் அவள் போய்க் கேட்கக்கூடியவள் நான் ஒருத்திதான். சொன்னேன். கொக்கோ, கட்டிடம், திறப்பு, கம்பி, எல்லாம். ஒரு சொல்லையும் கூட்டவில்லை. என் பஸ் சண்டையைக் கூட விடவில்லை.

அவள் அகப்பையால் களியைக் கிளறினாள்.

"அப்ப, படிக்காதவள் மாதிரி இருந்திருந்தால் அம்மா என்னோடையே இருந்திருப்பா" என்றாள்.

நான் சட்டியை அவள் பக்கம் தள்ளினேன். அவள் ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தாள். முகம் கோணியது. துப்பவில்லை, விழுங்கினாள்.

"நாளைக்கு அம்மா சொன்னதையே சொல்லு பிள்ளை. அது நல்ல பதில்" என்றேன்.

"இல்லை அன்ரி. அம்மா கம்பியைப் பற்றிச் சொன்னவ. கீழை இருந்தது நான். நான் சொல்லுறன்."

இப்போது மேசையில் இருந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். வெளியில் இன்னும் வெயில் போகவில்லை, ஆனாலும் வீட்டில் உள்ள லைட் எல்லாவற்றையும் போட்டுவைத்திருக்கிறாள். நிற்பாட்டச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.