எல்லோரையும் மியூட் செய்தவர்

2020 மார்ச் 10, செவ்வாய்

ஒத்திகை. தியாகராசா சேர் இன்றும் "அரங்கு என்பது மூச்சு" என்று தொடங்கி, எங்களுக்கு மூச்சு முட்டும் வரை பேசினார். அந்த நேரத்தில் இரண்டாம் காட்சியை ஒருமுறை முழுதாக ஓட்டியிருக்கலாம். இருபது வருடமாக இவருடைய குழுவில் நடிக்கிறேன். அவர் பேசி முடித்ததைக் கண்டது குறைவு.

நாடகம் 'லிஃப்ட் வேலை செய்யாது'. வெள்ளவத்தை ஃபிளாட் ஒன்றின் கதை. ஒத்திகையில் நாங்கள் எல்லோரும் வாய்க்கு வந்ததைப் பேசிப் பேசி உருவாக்கியது. சுவரொட்டியில் 'எழுத்து, இயக்கம்' அவர். நான் வீடு வாங்கப் போய் ஏமாறும் விதவை, ரெனால்ட் ஏமாற்றும் தரகன். கடைசியில் அவன் கன்னத்தில் ஒன்று கொடுக்க வேண்டும். கொட்டாஞ்சேனையில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்து அறை வாங்கிக்கொண்டு போகிறான், பாவம்.

"ராணியக்கா, ஷோவுக்கு முந்தியே என்ர கன்னம் வீங்கிரும் போல."

மஜீட் நானா ஏணியில் நின்று லைட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார். தெமட்டகொடையில் கலியாண வீடுகளுக்கு லைட் கட்டுவது அவருடைய தொழில். எங்களுக்குக் கட்டுவது அவருடைய பைத்தியம்.

ஏதோ வைரஸாம். "எங்கட சனம் நாடகத்துக்கு வராமல் விடுறதுக்கு வைரஸும் தேவையே?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

மார்ச் 14

மண்டபக்காரர் கையை விரித்துவிட்டார். நாடகம் இல்லை.

மார்ச் 24

ஊரடங்கு. பல்கனியில் நின்றால் காலி வீதிச் சுவரில் எங்கள் சுவரொட்டி தெரிகிறது. 'அனைவரும் வருக.' அதற்குக் கீழே பொலிஸ்காரர் ஒருவர் நின்று, வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறார். இருபது வருடத்தில் எங்கள் சுவரொட்டியடியில் இவ்வளவு சனம் நின்றதே இல்லை.

ஏப்ரல் 19

சேர் ஸூமைக் கண்டுபிடித்துவிட்டார். 'கொரோனாவுக்குப் பின்னான அரங்கு' என்று இணையவழிக் கருத்தரங்கு. கொரோனா வந்து ஒரு மாதம்தான், அதற்குள் பின்னால் என்ன என்று இவருக்குத் தெரிந்துவிட்டது. ரொறன்ரோவில் இருந்து ஒருவர், ஒஸ்லோவில் இருந்து ஒருவர், லண்டனில் இருந்து இருவர். எல்லோரும் உணர்ச்சியோடு சொன்ன ஒரே வசனம்: "நான் கதைக்கிறது கேக்குதோ?"

கேட்டது. அதுதான் பிரச்சினை.

ஒக்டோபர் 31

கொட்டாஞ்சேனையை மூடிவிட்டார்கள். ரெனால்ட் வீட்டோடு கிடக்கிறான். ஆகவே 'லிஃப்ட் வேலை செய்யாது' இன்று இணையத்தில் அரங்கேறியது. நான் என் படுக்கையறையில், அவன் அவனுடைய குசினியில்.

நல்ல சீலை உடுத்தி, முகத்துக்குப் பூசி, வசனத்தைக் கணினியின் ஓரத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு நடித்தேன். ஒரு விதவை தன் அலுமாரிக் கதவுக்கு முன்னால் நின்று, ஒரு தரகனின் இடியப்பத் தட்டைப் பார்த்துக் கண்ணீர் விட்டாள். கடைசிக் காட்சியில் கமெராவை நோக்கிக் கையை வீசினேன். நான் கையைத் தூக்கும் முன்பே ரெனால்ட் அறை வாங்கிச் சுருண்டு விழுந்துவிட்டான். இணைப்பு அப்படி. பிறகு என் கை வந்து வெறும் குசினிச் சுவரை அறைந்தது. கீழே ஒருவர் எழுதினார்: 'அருமையான குறியீடு.'

முடிந்ததும் சின்னச் சின்ன மஞ்சள் கைகள் மேலெழுந்தன. பிறகு பெட்டி பெட்டியாக ஆட்கள் அணைந்து போனார்கள். அறையில் நானும் கட்டிலும் மட்டும். கட்டிலில் என் கணவர் உமாசுதன், நல்ல நித்திரை. மண்டபத்துக்கு வந்தால்தான் தூங்குவார் என்று நினைத்திருந்தேன். நாடகம் கட்டில் வரை வந்தாலும் தூங்குகிறார்.

அழுதேன் என்று எழுத மாட்டேன். மை கரைந்தது.

2021 ஜனவரி 17

எங்களுக்கு விருது. வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கம் ஒன்று கொடுத்திருக்கிறது. ஸூமில் பதிவான வீடியோவுக்கு. பிரிவு: 'சிறந்த நேரடி அரங்கு.'

சேர் இப்போது வெறும் சேர் இல்லை, பேராசான். ஏற்புரையில் "மேடை என்கிற சிறையை நாங்கள் உடைத்துவிட்டோம்" என்றார். மஜீட் நானா எனக்கு ஃபோன் எடுத்தார். "அந்தச் செறையிலதானே தங்கச்சி நான் லைட் கட்டின?" பிறகு, "கலியாணமும் இல்ல, நாடகமும் இல்ல. பல்ப்பெல்லாம் தொடச்சித் தொடச்சி வெக்கிறன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு நல்லாயில்லை.

ஓகஸ்ட் 16

மஜீட் நானாவைக் களுபோவில ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஒட்சிசன் கொடுக்கிறார்களாம். யாரும் போய்ப் பார்க்க ஏலாது.

ஓகஸ்ட் 22

மஜீட் நானா போய்விட்டார்.

ஓகஸ்ட் 23

கொரோனாவில் போனவர்களைப் புதைக்க விட்ட ஒரே இடம் என்று, கிழக்கே ஓட்டமாவடிக்குக் கொண்டுபோய் அடக்கினார்கள். மனைவி ஹமீமாவைக் கூட்டிப் போகவில்லை. மகன் மட்டும் போனான். கொழும்பு மேடைகளுக்கெல்லாம் வெளிச்சம் போட்ட மனிதன். ஒரு பாட்டம் சேர்ந்து நின்று அழக்கூட எங்களுக்கு இடம் இல்லை.

ஓகஸ்ட் 29, ஞாயிறு

எழுதாமல் விடத்தான் நினைச்சன். இருந்தாலும் எழுதுறன்.

நினைவேந்தல். ஸூமில்தான். சேருக்குப் பின்னால் சிவப்புக் கதிரை போட்ட பெரிய அரங்கு ஒன்றின் படம். அவர் தலையைத் திருப்பும்போதெல்லாம் ஒரு காது அந்த அரங்குக்குள் மறைந்து போனது. "மஜீட் ஒரு மௌனத் தொண்டன்" என்று தொடங்கினார். மஜீட் நானாவைப் பற்றி அவ்வளவுதான். மிச்சம் எல்லாம் தான் இந்த அரங்கை எப்படி வளர்த்தேன் என்பது.

ஹமீமா ஒரு பெட்டியில் இருந்தா. மகன் அருகில் நின்று ஃபோனைப் பிடித்திருந்தான். அவ வாயைத் திறந்து ஏதோ சொல்வது தெரிந்தது, சத்தம் இல்லை. சேர் எல்லோரையும் மியூட் செய்திருந்தார். பேச்சுக்கு இடைஞ்சல் கூடாதாம். மகன் அந்த மஞ்சள் கையை உயர்த்தினான். கை நிற்குது, நிற்குது, நிற்குது. ரொறன்ரோ பேசினது. ஒஸ்லோ கவிதை வாசிச்சது. லண்டன் "நான் கதைக்கிறது கேக்குதோ" எண்டது. செத்தவன்ர மனிசி கதைக்கேலாது!

நான் எழுதினேன்: 'ஹமீமாவைப் பேச விடுங்கோ.' இரண்டாம் முறையும் எழுதினேன். பார்த்தாரோ பார்க்கவில்லையோ. "அனைவருக்கும் நன்றி" என்று எல்லாவற்றையும் அணைத்துவிட்டார். அந்தக் கை மேலே இருந்தபடியே திரை கறுத்தது.

ஓகஸ்ட் 30

சேருக்கு ஃபோன் எடுத்தேன்.

"கவனிக்கேல்ல ராணி. நிகழ்ச்சி நல்லாப் போச்சுத்தானே?"

"மௌனத் தொண்டன் எண்டு சொன்னியள். மௌனமாக்கினது நீங்கள்தான் சேர்."

"உணர்ச்சிவசப்படாதையும்."

"நடிகைக்குச் சொல்லுற புத்தியே இது?"

வைத்துவிட்டேன். குழுவின் வட்சப்பில் இருந்தும் விலகினேன். இருபது வருடம் போக ஒரு விரல் போதுமாயிருக்கிறது.

செப்டெம்பர் 5

ஹமீமாவுக்கு ஃபோன் எடுத்து, அன்றைக்கு என்ன சொல்ல இருந்தீர்கள் என்று கேட்டேன்.

"பெரிசா ஒண்ணுமில்ல. ஒங்கட நாடகம் ஒண்ணையும் அவர் முழுசாப் பாத்ததில்ல. கதை என்னண்டு கேட்டா தெரியா எண்டுவார். மொகத்துல லைட் விழுதா எண்டு மட்டும்தான் பாப்பாராம். அதத்தான் பேச நெனச்ச."

நீண்ட நேரம் ஃபோனைப் பிடித்துக்கொண்டே இருந்தோம். இரண்டு பேரும் பேசவில்லை. யாரும் மியூட் செய்யவும் இல்லை.

நவம்பர் 21

மண்டபங்கள் திறந்துவிட்டன. ரெனால்ட் சேரிடம் போய் நாடகத்தை மேடையேற்றுவோமா என்று கேட்டானாம். "உலகமே பார்க்குது, இனி நாலு சுவருக்குள்ள என்னத்துக்கு? வேணுமெண்டால் நீங்கள் செய்யுங்கோ. ஒருத்தரும் வரமாட்டினம்" என்றாராம்.

"அக்கா, எங்கட பள்ளி மண்டபத்தை ஃபாதரிட்டக் கேட்டுட்டன். நீங்கதான் டைரக்ட் பண்ணணும்" என்கிறான்.

நானா? எனக்குத் தெரிந்தது மற்றவர்களைப் பழிப்பது. அதற்கு ஒத்திகை தேவையில்லை.

சரி என்று சொல்லிவிட்டேன்.

2022 பெப்ரவரி 12, சனி

கொட்டாஞ்சேனை. லைட் போட ஆள் இல்லை. வேறு ஆளைப் பிடிக்க எனக்கு மனமும் வரவில்லை. மண்டபத்து டியூப் லைட்டிலேயே நடித்தோம். அதனால் பார்க்க வந்தவர்களும் எங்களைப் போலவே தெளிவாகத் தெரிந்தார்கள். எல்லோரும் முகக்கவசம். கண்கள், கண்கள், வெறும் கண்கள். சிரிக்கிறார்களா, கொட்டாவி விடுகிறார்களா?

இரண்டாம் காட்சியில் வசனம் மறந்துபோனது. இப்போது ஒட்டிவைத்துப் பார்க்கக் கணினி இல்லை. ரெனால்ட் முழிக்கிறான். விசிறி சுற்றும் சத்தம் மட்டும். இதோ எழும்பிப் போகப் போகிறார்கள் என்று நினைத்தேன். அப்போது மூன்றாம் வரிசையில் இருந்து ஒரு அம்மா:

"ஆறுதலாச் சொல்லும்மா. நாங்க எங்கயும் போகல்ல."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. துணிக்குள்ளால் வந்த சிரிப்பு, ஆனாலும் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க வசனமும் வந்தது. கடைசியில் ரெனால்டுக்கு விட்ட அறை உண்மையிலேயே பட்டுவிட்டது. கைதட்டல் முடிந்தும் கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றான், சந்தோஷமாக.

முன்வரிசையில் ஹமீமா. மேடைக்கு வந்து நாலு வார்த்தை பேசச் சொல்லிக் கேட்டிருந்தேன். "இல்ல தங்கச்சி, நான் பேச வரல்ல. கதையப் பாக்க வந்த" என்றா. முழுக்கப் பார்த்தா.

உமாசுதன் தூங்கினாரா என்று தெரியவில்லை. கேட்டால் இல்லை என்கிறார்.

மார்ச் 13

தியாகராசா சேர் வீட்டுக்கு வந்தார். கரண்ட் இல்லை, லிஃப்ட் இல்லை, மூச்சு வாங்க ஏறி வந்தார். அவருடைய உலக மேடை காலியாம். ரொறன்ரோவும் ஒஸ்லோவும் வெளியே உலாவப் போய்விட்டன. போன கருத்தரங்குக்கு வந்தவர்களில் ஒருவர் அவருடைய இரண்டாவது ஃபோன்.

கொட்டாஞ்சேனை நாடகம் பற்றிக் கேள்விப்பட்டாராம். "நாடகத்தைத் திரும்பவும் போடப் போறியளாம் ராணி. எனக்கு ஏதும் சின்னப் பாத்திரம்…" என்று இழுத்தார். என்னை முதல் தடவையாகப் பன்மையில் அழைத்திருக்கிறார்.

நாக்கு நுனியில் எத்தனையோ வந்தது. அவருக்குக் கதிரையை இழுத்துப் போட்டேன். "முதல்ல தெமட்டகொடைக்குப் போட்டு வாங்கோ சேர். ஹமீமா வீட்டை" என்றேன்.

மார்ச் 15

ஹமீமா ஃபோன் எடுத்தா.

"ஒங்கட சேர் வந்தார். ரெண்டு தரம் பிளேன்டீ குடிச்சார். நான் பேசப் பேசக் கேட்டுக்கொண்டே இருந்தார். வாயே தொறக்கல்ல. நல்லா அமைதியான மனிசன், என்ன?"

"ஓம்" என்றேன்.

சேரைச் சனிக்கிழமை ஒத்திகைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். லிஃப்ட்டுக்குக் காத்து நிற்கும் கிழவர். இரண்டு வசனம்.