பூந்தொட்டிக்குப் போன மண்

கிரோட்னோ, 14 மே 1933

அன்புள்ள பெரெட்ஸ்,

நானும் உன் தங்கை ஹிந்தாவும் சுகம். உன் மலேரியா விட்டதா, கொயினா மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறாயா என்று அடுத்த கடிதத்தின் முதல் வரியிலேயே எழுது. ஹிந்தாவுக்குப் பல்வலி, எனக்குப் பள்ளியில் இந்த ஆண்டும் லத்தீன் சொல்லிக்கொடுக்கும் வேலைதான். இப்படியே எழுதிக்கொண்டு போனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே தாள் முடிந்துவிடும்.

நம் யூதர்களின் புனித பூமியில் நீங்கள் வற்றவைத்த சதுப்பு நிலத்திலிருந்து வந்த மண்ணில் அப்பா கல்லறைக்குள் தலைவைத்துப் படுத்திருக்கிறார், அது போதும் என்று எழுதியிருந்தாய். அப்படி இல்லை, பெரெட்ஸ். போன கோடையில் நீ சட்டைத்துணியில் தைத்து அனுப்பிய பொட்டலம் வந்தபோது நான் சிரித்தேன். "ஆரஞ்சுப் பழம் அனுப்புவான்னு பாத்தா, சேத்தை அனுப்பியிருக்கான் உங்க பிள்ளை" என்றேன். அப்பா, "பத்திரமா வை டோரா, எனக்கு வேணும்" என்று மட்டும் சொன்னார். திடமாக நடமாடுகிறவருக்கு எதற்குச் சாவு மண் என்று அதை ஜன்னலோர ஜெரேனியம் தொட்டியில் கொட்டிவிட்டேன். அந்த நிலத்தில் உன் கூட்டாளிகள் இருவர் காய்ச்சலில் போனதைப் பிறகு எழுதினாய். அதைப் படித்த பிறகும் மண்ணைத் தொட்டியில் கொட்டியதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை.

பிப்ரவரியில் அவர் போனதும் அடக்கச் சங்கத்து கெட்ஸல் வந்தார். உடலைக் கழுவி முடித்து, "தலைக்கடியில வைக்க மகன் அந்த நாட்டு மண்ணு அனுப்பியிருக்கான்னு சொல்லிக்கிட்டே இருப்பாரே, எங்கம்மா அது?" என்று கேட்டார். தொட்டியிலிருந்து ஒரு கரண்டி அள்ளித் துணியில் முடிந்து கொடுத்தேன். முகர்ந்து பார்த்து, "சாணி வாடை அடிக்குதே" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அங்கயும் மாடு இருக்கும்ல" என்று தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அங்கே யூதர்களுக்கொரு நாடு என்ற உங்கள் பேச்சை நான் இன்றும் முழுதாக நம்பவில்லை. அதற்காக அவர் நம்பியதை எடுத்துச் செடிக்குப் போட எனக்கு என்ன உரிமை? செடி இந்த ஆண்டு நிறையப் பூத்திருக்கிறது. அந்தப் பக்கத்துத் திரையை நான் விலக்குவதில்லை.

கல்லறைக் கல் நாட்டுவதற்குள் இன்னொரு பிடி மண் அனுப்பு. கெட்ஸலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கல்லடியில் இடுவதாகச் சொன்னார். நோயில்லாமல் நூற்றிருபது வயது இரு. அப்பா சொல்லும் வாழ்த்து, இனி நான்தான் சொல்ல வேண்டும். ஒன்றை மறக்காதே, பொட்டலத்தை என் பெயருக்கு அனுப்பாதே. கெட்ஸலின் முகவரி பின்புறம் இருக்கிறது.

உன் அம்மா,
டோரா