தபால் பெட்டி வரைக்கும்

மார்ச் 18

பனி முழுக்கப் போய்விட்டது. புல்தரையில் தட்டைக் கவிழ்த்து வைத்து எடுத்த மாதிரி வட்ட வட்டமாக இளஞ்சிவப்புத் தடங்கள். தொட்டால் சிலந்தி வலைபோல விரலில் ஒட்டுகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த வெண்டலிடம் கேட்டேன். "பூஞ்சை. வருஷா வருஷம் வரும். வாரி விட்டா காத்துப் பட்டு சரியாயிடும்," என்றான். வருஷா வருஷம் வருமாம். கல்யாணமாகி இத்தனை காலம் நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்?

பிப்ரவரியில் அவனுக்கு மாரடைப்பு வந்ததிலிருந்து புல்வெளி என் பொறுப்பு. மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். நடக்கலாம், எதையும் தள்ளவோ இழுக்கவோ கூடாது. இன்னொரு ரத்தக் குழாயிலும் கொஞ்சம் அடைப்பு இருக்கிறது, நெஞ்சு லேசாக இறுக்கினாலும் உடனே வர வேண்டும். வெண்டல் தலையாட்டினான். தலையாட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

மார்ச் 26

வாரினேன். மூட்டை மூட்டையாகக் காய்ந்த புல். அடியில் மண்புழுக்கள் குட்டிக் குட்டியாகக் குவித்து வைத்த ஈர மண். இவ்வளவு வேலை நடக்கிறதா இங்கே?

எதிர்வீட்டு கர்ட்டிஸ் காபிக் குவளையோடு வந்து நின்றான். "நோரீன், புல்லுக்குத் தலை வாரி விடறியா? அப்படியே ரிப்பன் கட்டி விடேன்."

"உன் தலையில வார ஒண்ணும் இல்லன்னு வயித்தெரிச்சல்," என்றேன். ஜன்னலுக்குள் வெண்டல் சிரிப்பது தெரிந்தது.

தெருவோரம் மட்டும் நீளமாக மொட்டை. பனி அள்ளும் வண்டி பனி உருகக் கொட்டிய உப்பு புல்லை எரித்துவிட்டது.

ஏப்ரல் 10

ஃபோர்சிதியா செடி மஞ்சள் மஞ்சளாகப் பூத்துவிட்டது. வெண்டலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "இது பூத்தா களை முளைக்கப் போகுதுன்னு அர்த்தம். முளைக்கிறதுக்கு முன்னாடி மருந்து தூவிடணும்."

சனிக்கிழமை தூவுகிறேன் என்றேன்.

"சனிக்கிழமை வரைக்கும் களை உனக்காகக் காத்திருக்குமா?"

இருக்கட்டுமே. காலையும் மாலையும் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளிடம் களையும் கொஞ்சம் இரக்கம் காட்டலாம். ஆனாலும் இந்தப் பூவுக்கும் களைக்கும் என்ன பேச்சுவார்த்தை? மண்ணின் சூடுதான் என்கிறான். யோசித்துக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 13

இரவெல்லாம் மழை. மண் பதமாக இருந்தது. மருந்து கிடக்கட்டும், முதலில் மொட்டையை மூடுவோம் என்று புல் விதை வாங்கி வந்தேன். வெண்டலுக்குப் பிடிக்கவில்லை.

"இப்ப வேணாம் நோரீன். செப்டம்பர்ல போடலாம்."

"ஏன்?"

"சும்மாதான்."

மூன்று நாளுக்கு முன்பு சனிக்கிழமை வரை பொறுக்காதவன் இன்று செப்டம்பர் வரை பொறுக்கிறான். களை மருந்துப் பேச்சையே எடுக்கவில்லை. விசித்திரம். நான் விதையைத் தூவிவிட்டேன்.

ஏப்ரல் 17

ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 21

இன்னும் இல்லை. ராபின் குருவிகள் தின்கின்றனவோ என்று மண்டியிட்டுப் பார்த்தேன். விதை அப்படியே கிடக்கிறது. "பழைய விதையா இருக்கும்," என்றான் வெண்டல், என் முகத்தைப் பார்க்காமல்.

ஏப்ரல் 27

முளைத்துவிட்டது! ஆனால் பாதிதான். மேப்பிள் மரத்தடியிலிருந்து எங்கள் தபால் பெட்டிக் கம்பம் வரை மெல்லிய பச்சை. கம்பத்துக்கு இந்தப் பக்கம், கார் வரும் பாதை வரை, வெறும் மண். கோடு கிழித்த மாதிரி. ஒரே விதை, ஒரே தண்ணீர், ஒரே கை. உப்பா? அது இரண்டு பக்கமும்தானே விழுந்தது? நிழலா? மரம் அந்தப் பக்கம் அல்லவா இருக்கிறது?

"பாதி மொட்டை, பாதி கிராப்பு. புது ஸ்டைலா?" என்று கேட்டுவிட்டுப் போனான் கர்ட்டிஸ். எனக்கு விடை தெரிந்தாக வேண்டும்.

ஏப்ரல் 28

தெரிந்துவிட்டது.

கார் ஷெட்டில் களை மருந்துப் பை பிரித்துக் கிடந்தது. தூவிய இடத்தில் பல மாதங்களுக்குப் புல் விதையும் முளைக்காது என்று பின்பக்கம் அச்சிட்டிருக்கிறது. ஆக, நான் பேருந்து ஓட்டப் போன நேரத்தில் இவன் மருந்து தூவும் வண்டியைத் தள்ளியிருக்கிறான். எனக்கு அப்படியொரு கோபம்.

அப்புறம்தான் பார்த்தேன். தூவுகிற வண்டியில் இன்னும் மருந்து இருந்தது. பையிலும் பாதி. வெண்டல் எதையும் பாதியில் விடுகிறவன் இல்லை. கொட்டுகிற மழையில் என்னைக் குடை பிடிக்கச் சொல்லி வேலிக்கு ஆணி அடித்து முடித்தவன். அவன் ஏன் தபால் பெட்டிகிட்ட நின்னான்?

உள்ளே போய் அதைத்தான் கேட்டேன். மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை.

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கம்பத்தைப் பிடிச்சிட்டு நின்னேன். அப்புறம் நடைபாதையில உக்காந்துட்டேன். கொஞ்ச நேரத்துல சரியாயிடுச்சு."

"அதுக்கப்புறம்?"

"மாடி ஏறும்போது. ரெண்டு மூணு தடவை."

ரெண்டு வாரத்துக்கு மேல. பக்கத்துலயே படுத்திருக்கேன். எனக்குத் தெரியல. விதை ஏன் முளைக்கலன்னு மண்ணையே பாத்துட்டு இருந்திருக்கேன்.

"சொன்னா மறுபடி ஆஸ்பத்திரில படுக்க வெச்சிடுவாங்க. பயமா இருந்துச்சு நோரீன்," என்றான்.

அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. திட்ட வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. அவனுக்குக் குளிர்கோட்டு மாட்டிவிட்டு டோலிடோ ஆஸ்பத்திரிக்குக் காரை விட்டேன்.

மே 1

அடைத்திருந்த குழாயில் ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். நல்ல நேரத்தில் வந்தீர்கள், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார் மருத்துவர். புல் முளைக்கவில்லை என்றேன். அவர் வெண்டலைப் பார்த்தார். வெண்டல் கூரையைப் பார்த்தான்.

மே 12

பருவத்தின் முதல் புல்வெட்டு. வெண்டல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். பாதி வெட்டியிருப்பேன், கையை ஆட்டிக் கூப்பிட்டான். வரிசை கோணல் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறான் என நினைத்து எந்திரத்தை நிறுத்தினேன்.

"நெஞ்சு கொஞ்சம் இறுக்குற மாதிரி இருக்கு," என்றான். "ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம்."

ஒன்றும் இல்லைதான். ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்து அனுப்பிவிட்டார்கள். வீடு திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. தெருவே பார்க்கும்படி புல்வெளி பாதி வெட்டிக் கிடக்க, எந்திரம் நடுவில் நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டு இருவரும் உள்ளே போனோம்.