சாமி இறங்கும் வேகம்

அன்புள்ள முருகேசா,

போன இடத்திலும் பக்கத்தில் இருப்பவரை நிம்மதியாக உட்காரவிடாமல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

உன் கண்ணீர் அஞ்சலி பேனரை அருப்புக்கோட்டை பஸ் நிலையத்துக்கு எதிரே கட்டினார்கள். உயிரோடு இருந்தவரை எந்தக் கச்சேரி நோட்டீஸிலும் உன் பெயர் வந்ததில்லை. 'மற்றும் குழுவினர்' என்ற இரண்டு சொற்களுக்குள்ளேயே குடியிருந்தாய். இப்போது நீ 'தாளச் சக்கரவர்த்தி'. குழுப் படத்திலிருந்து உன்னை மட்டும் வெட்டியெடுத்ததில் என் பேஸ் கிட்டாரின் கழுத்து உன் தோளோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. பார்த்தவர்கள் அதை ஏதோ விருது என்று நினைத்திருப்பார்கள்.

இரங்கல் கூட்டத்தில் ஒருவர், விசைத்தறிச் சத்தத்தில் தாளம் கற்ற கலைஞன் நீ என்று பேசினார். பலத்த கைதட்டல். பகலெல்லாம் தறி ஓட்டியவன் நீ. தறி உனக்குத் தந்தது காது மந்தம் ஒன்றைத்தான் என்று நீயே சொல்வாய். மறுத்துப் பேச ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தானே இரங்கல் கூட்டம் போடுகிறார்கள்?

நான் பேஸ் வாசிக்க வந்த கதை உனக்குத் தெரியும். கிட்டார் வாசிக்க நல்ல ஆள் கிடைத்ததும், நம் குழுவை நடத்தும் செல்வி அக்கா என் கையில் நாலு கம்பிக் கிட்டாரைக் கொடுத்து, "இதுல கம்பி கம்மி, ஒனக்குச் சுலுவா இருக்கும்" என்றார்கள். அவமானத்தைச் சரிக்கட்ட நான் கிடைத்த இடத்தில் எல்லாம் ஸ்வரங்களைக் கொட்டினேன். ஒத்திகையில் நீ டிரம்ஸ் குச்சியைக் கீழே வைத்தாய்.

"ஏலே மச்சான், ஒனக்குப் புண்ணியமாப் போகும். நான் மிதிக்க எடம் விடுலே."

அன்றிலிருந்து உன் வலது காலைப் பார்த்தேன். பெரிய டிரம்மை அந்தக் கால் மிதிக்கும்போது என் விரலும் விழுந்தது. மெல்லிசையோ குத்தோ, உன் கால் மாறினால் நானும் மாறினேன். ஒரே மாலைக் கச்சேரியில், பாட்டுக்குப் பாட்டு, நாம் சேராத கட்சியில்லை, கும்பிடாத சாமியில்லை. எல்லாவற்றையும் வாசிக்கிறவன் என்று ஊரில் எனக்குப் பெயர் வந்தது. அந்தப் பெயரில் என் பங்கு எவ்வளவு என்பதுதான் நீ போன பிறகு என்னைத் தின்ற கேள்வி.

உன் இடத்துக்கு மதுரையிலிருந்து தினேஷ் வந்திருக்கிறான். மரியாதையான பையன். டிரம்ஸ் கிடையாது; மடியளவு ரிதம் பேட். பாதித் தாளம் அதில் முன்பே பதிந்து வைத்தது. பார்க்கக் கால் இல்லாமல் ஒத்திகைகளில் நான் கூட்டத்தில் கை நழுவவிட்ட குழந்தை மாதிரி அலைந்தேன். எம்.ரெட்டியபட்டிக் கோயில் பொங்கல் கச்சேரியோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவர்கள் வாதாடவில்லை. பேஸைக் கீபோர்டிலேயே இடது கையால் வாசித்துவிடலாமாம்.

பொழுது சாய்ந்து கச்சேரி தொடங்கியது. வழக்கம்போல முதலில் அம்மன் பாட்டு. பாதியில் ஒரு பெண்ணுக்குச் சாமி வந்துவிட்டது. பருத்தி எடுத்துவிட்டு நேரே வந்தவளாக இருக்க வேண்டும். சேலைக்கு மேல் போட்ட ஆண்சட்டையைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

அந்த ஊர்ப்பக்கத்து வழக்கம் உனக்கா தெரியாது? சாமி இறங்கும்வரை தாளம் நிற்கக் கூடாது. பாட்டு நின்றாலும் நாம் நிற்கக் கூடாது. ஆடுகிறவளின் பாதத்தைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தை இறக்கி அவளைத் தரைக்குக் கொண்டுவருவது உன் வேலை. மேளக்காரர்களின் வேலை அது. மேளம் வைக்காத ஊர்களில் உன் தலையில் விழுந்தது.

பேட் இறங்கவில்லை. அதே வேகத்தில் ஓடியது. அவளும் ஓடினாள். உதடு உலர்ந்து, கண் செருகி, தாங்கப் போன இரண்டு பேரையும் தள்ளிவிட்டாள்.

"யாரும் நிப்பாட்டிராதீகய்யா!" என்று பூசாரி கத்தினார்.

"எறக்குடா தினேஷு!" என்றார்கள் அக்கா.

"பதிஞ்சு வச்சதுக்கா. அது எறங்காது." அழுதுவிடுவான் போலிருந்தது.

நான் அவன் பக்கம் குனிந்து, "அத அமத்திட்டு ஏம் பின்னால கையால தட்டிக்கிட்டு வா" என்றேன். அவன் பேடை அணைத்தான். ஒரு கணம் மேடையில் என் பேஸைத் தவிர எதுவும் இல்லை, முருகேசா. அதைவிட அகலமான வெட்டவெளியை நம் கரிசல் காட்டில்கூட நான் பார்த்ததில்லை.

வேறு வழியில்லாமல் அவள் பாதத்தைப் பார்த்தேன். அது விழுந்த இடத்தில் என் விரலும் விழுந்தது. பிறகு ஒரு மயிரிழை தாமதித்தேன். பாதமும் தாமதித்தது. தினேஷ் பிடித்துக்கொண்டான். மெல்ல மெல்ல இறக்கினோம். ஒரு கட்டத்தில் அவள் வெறுமனே நடந்துகொண்டிருந்தாள். பூசாரி திருநீறு பூசினார். உட்கார்ந்து, அவிழ்ந்த கூந்தலை முடிந்துகொண்டு, "தண்ணி குடுங்க" என்றாள்.

பூசாரி மேடைக்கு வந்தார். "அந்தப் பழைய டிரம்ஸ்காரவுக வரலையா?"

"இல்லங்கய்யா. அவுக தவறிட்டாக."

"அடப்பாவமே. ஆனா நீகளும் நல்லாத்தான் எறக்குனீக" என்று சொல்லி எனக்கும் பூசிவிட்டார்.

உன்னைத் தூக்கிப் போனபோது அழாதவன், அடுத்த பாட்டு முழுவதும் திருநீறு கண்ணில் விழுந்ததாக நடித்துக்கொண்டே வாசித்தேன். நீ இல்லாமல் எனக்கு வாசிக்க வராது என்பதை ஒரு துக்கமாக மட்டுமா வைத்திருந்தேன்? உனக்குச் செய்யும் மரியாதையாகவும் வைத்திருந்தேன். வந்துவிட்டதே, இப்போது என்ன செய்ய? நீ தேவைப்படாத முதல் பாட்டு அந்த அம்மன் பாட்டு. நீ செத்துப்போனது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

திருச்சுழியில் ஒரு கல்யாண வரவேற்புக்கு வாசிக்க ஒப்புக்கொண்டுவிட்டேன். அக்காவும் கீபோர்டுக்காரரின் இடது கையை விடுவித்துவிட்டார்கள். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். தினேஷ் தப்பு விட்டால் திட்டுவேன். ஆனால், 'முருகேசன் இருந்தால் இப்படியா வாசிப்பான்' என்று அவனிடம் ஒருநாளும் சொல்லமாட்டேன். செத்தவனோடு போட்டி போட்டு எந்தப் பையன் ஜெயிக்க முடியும்? அவன் உன்னைத் தெரியாமலே நன்றாக வாசிக்கட்டும். எனக்கு வலிக்கும். வலித்தாலும் தாளம் தப்பமாட்டேன்.

சொந்தத்தில் முறை இல்லாவிட்டாலும், நீ கூப்பிட்டுக் கூப்பிட்டே ஆகிப்போன
உன் மச்சான்