முட்டையைச் சுற்றிக் கிடந்த மண்பூரான்

வெள்ளிக்கிழமை, இரவு.

இன்று காலை பெடாஸ் தோட்டத்தில் காய்ந்த செம்பனை மட்டை ஒன்றைப் புரட்டினேன். இத்தனை நாள் தேடியலைந்த மண்பூரான், தன் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு கிடந்தது. கடைசி ஜோடிக் கால்களின் அடியில் உள்ள துளைகளைப் பார்த்தால்தான் அது எந்தப் பேரினம் என்று சொல்ல முடியும். முன்பு கிடைத்த ஒன்றுக்கு அந்தக் கால்களே முறிந்திருந்தன.

"எடுத்துப் போத்தல்ல போடுலா. தீசிஸ் முடிக்க வேணாமா ஒனக்கு?" என்றாள், கூடவே ஆய்வு செய்யும் சுசீலா.

தாயை எடுத்தால் முட்டைகள் பிழைக்காது. மட்டையை மெதுவாக வைத்து மூடினேன்.

"பைத்தியம்டி நீ!"

காருக்கு நடந்தேன். திரும்பிப் பார்த்தால், அவள் பக்கத்து மரத்தில் தன் சிவப்புத் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"மரமெல்லாம் ஒரே மாதிரி இருக்கு. குஞ்சு பொரிச்சப்புறம் எப்படிக் கண்டுபிடிப்ப?"

இப்போது வெளியே நல்ல மழை. முடிச்சு அவிழாமல் இருந்தால் போதும்.