பச்சை இன்ஜினுக்கு நீ வைத்த வேகம்

சொல்லிக்கொள்ளாமல் போய்விட்ட என் செல்லமே, சந்துரு,

பச்சை இன்ஜின் ஓடிவிட்டதடா. உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்து, உன் பெயர் வரைக்கும் போய்விட்டேன். அப்புறம்தான் நினைவு வந்தது. இன்னும் இப்படித்தான் இருக்கிறேன். அம்மாவும் ராத்திரி சாப்பாட்டுக்கு மூன்று தட்டு எடுத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப வைக்கிறாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன்.

அந்த இன்ஜினை வாங்கிய கதை உனக்கு மனப்பாடம். இருந்தாலும் சொல்வேன், இப்போது நீ குறுக்கே பேச முடியாது. ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம், பெங்களூர் ரிச்மண்ட் டவுன் வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தது. எல்லோரும் பீரோவையும் கட்டிலையும் பார்த்தார்கள். நான் ஒரு சாண் நீளத்துக்கு இருந்த, கரண்டில் ஓடுகிற பச்சை நீராவி இன்ஜின் பொம்மையைப் பார்த்தேன். நம் ஆஸ்டின் டவுன் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நீ அம்மா வயிற்றில் இருந்தாய். "குழந்தையே இன்னும் பொறக்கல, அதுக்குள்ள பொம்மையா?" என்றாள். "குழந்தைக்கு இல்லடி, எனக்கு" என்றேன். நீ பிறந்து, தவழ்ந்து, முதலில் பிடித்து இழுத்ததும் அதைத்தான். அதற்குத் துணையாக ஒவ்வொன்றாக வாங்கி, ஒரு அறை முழுக்க இன்ஜினும் தண்டவாளமும் ஆகிவிட்டது.

அப்புறம் நீ பெரிய ஆளாகி, சம்பாதிக்க ஆரம்பித்து, ஒருநாள் ஒரு சின்ன டப்பாவோடு வந்து நின்றாய்.

"அப்பா, நம்ம இன்ஜினுக்கெல்லாம் டிஜிட்டல் போட்டுடலாம்ப்பா."

"நல்லா ஓடுற இன்ஜினோட வயித்தை எதுக்குடா கிழிக்கிற?"

"கிழிக்கலப்பா. ஒரு சிப் வெக்கிறேன், அவ்ளோதான்."

எவ்வளவு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாய்! பழைய முறையில் குமிழைத் திருப்பினால் தண்டவாளத்தில் கரண்ட் ஏறும், அதில் நிற்கிற இன்ஜின் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். புது முறையில் தண்டவாளத்தில் எப்போதும் கரண்ட் இருக்கும். ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் ஒரு சிப், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். எந்த நம்பரைக் கூப்பிடுகிறோமோ அது மட்டும் நகரும். "நம்பர் சொல்லிக் கூப்பிட இதென்ன ரேஷன் கடையா?" என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாய். கல்யாணம் பண்ணிக்கொள்ளடா என்றால் மட்டும், "இன்ஜினுக்கே வீட்ல இடமில்லப்பா" என்று நழுவிவிடுவாய். இந்தப் பேச்சையெல்லாம் இனி யாரிடம் பேசுவேன்?

ஒவ்வொன்றாக மாற்றினாய். பச்சையைக் கடைசிக்கு வைத்திருந்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் மேல்மூடியைக் கழற்றி, சிப்பைத் தனியாகச் சோதித்துச் சரிசெய்து உள்ளே உட்கார வைத்தாய். மோட்டாருக்குப் போகிற இரண்டு ஒயரைப் பற்றவைப்பதுதான் பாக்கி. "நாளைக்கு முடிச்சிடலாம்ப்பா" என்று விளக்கை அணைத்தாய். மறுநாள் ஆபீஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவே இல்லை. முப்பதைத் தாண்டிய பையனுக்கு இதயம் நின்றுபோகுமா? டாக்டர் என்னென்னவோ சொன்னார். என் காதில் ஒன்றுமே ஏறவில்லை.

மாதக்கணக்கில் அந்த அறைக்குள் நான் போகவில்லை. மூடியில்லாமல் கிடந்த அந்த இன்ஜினால் பழைய முறையிலும் ஓட முடியாது, புது முறையிலும் ஓட முடியாது. அதை அப்படியே விட்டுவைக்க எனக்கு மனசு வரவில்லை. உன் சிநேகிதன் இம்ரான் ஜீவனஹள்ளியிலிருந்து வந்து முடித்துத் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். கடைசியாக உன் கை பட்டது. அடுத்தது என் கைதான் படவேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

என் கையின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். வலது கை நடுங்குகிறது சந்துரு. கொஞ்ச காலமாகவே இருக்கிறது. உனக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். பழைய குமிழைப் பிடித்தால் கை ஒரு வெட்டு வெட்டும், இன்ஜினும் துள்ளிக்கொண்டு ஓடி வளைவில் கவிழும். "தண்டவாளத்துல தூசிடா" என்பேன். நீ உடனே துணியை எடுத்துத் தண்டவாளம் முழுக்கத் துடைப்பாய்.

முதலில் ஒரு பழைய டப்பா இன்ஜினில் சிப் வைத்துப் பழகிப் பார்த்தேன். மோட்டாரை இரும்பு உடம்போடு ஒட்டவிடக் கூடாது, ஒட்டினால் சிப் செத்துவிடும் என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! நான் அதைத்தான் மறந்தேன். நம்பரைக் கூப்பிட்டதும் ஒரு நூல் புகை எழும்பியது, அவ்வளவுதான். வீடெல்லாம் கருகல் நாற்றம். அம்மா வந்து ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனாள்.

பச்சையில் அந்த ஆபத்தை நீயே தீர்த்து வைத்திருந்தாய். மோட்டாரின் முனையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அவ்வளவு நேர்த்தி. மடித்த கம்பளியின் மேல் மணிக்கட்டை ஊன்றிக்கொண்டேன். அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒயரை நான் புடிச்சுக்கிறேன், நீங்க சூடு வைங்க" என்றாள். இரண்டு ஒயரும் ஒட்டின.

தண்டவாளத்தில் வைத்து நம்பரைக் கூப்பிட்டு, குமிழைத் திருப்பினேன். நகரவில்லை. இன்னும் திருப்பினேன். ரொம்ப யோசித்துவிட்டு, எறும்பு ஊர்கிற மாதிரி கிளம்பியது. நிறுத்தினால் நிற்கவும் இல்லை, தன் பாட்டுக்குக் கொஞ்ச தூரம் போய்த்தான் நின்றது. இதையும் கெடுத்துவிட்டேன் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. இம்ரானுக்குப் போன் போட்டேன்.

"என் பேச்சைக் கேக்கவே மாட்டேங்குதுப்பா."

"அதொண்ணும் இல்ல அங்கிள், சும்மா ஒரு ரீசெட் பண்ணிடுங்க. எட்டாம் நம்பர் செட்டிங்ல எட்டுன்னு போடுங்க, எல்லாம் புதுசா ஆயிடும்."

"எல்லாம்னா?"

"சந்துரு போட்டு வெச்சதெல்லாம் போயிடும் அங்கிள். கம்பெனியில இருந்து வந்த மாதிரி ஆயிடும்."

ஒரு பொத்தானை அமுக்கினால் போதுமாம். என் விரல் அதன்மேலேயே இருந்தது. இன்ஜின் ஓடவேண்டும், நீயும் அதற்குள் இருக்கவேண்டும். இரண்டையும் எப்படிக் கேட்பது? "நீ வந்து ஒருதடவை பாத்துடுப்பா" என்று வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். சிப்பில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தான். "ரிப்பேர் எதுவும் இல்ல அங்கிள். வேணும்னே பண்ணியிருக்கான். மெதுவா கிளம்பு, மெதுவா நில்லு, ரெண்டையும் ரொம்ப மேல வெச்சிருக்கான். இவ்ளோ யாரும் வெக்க மாட்டாங்க. எங்க, நீங்க ஓட்டுங்க பாக்கலாம்."

பிடித்தேன். கை எப்போதும் போல வெட்டியது, குமிழ் முன்னும் பின்னும் ஆடியது. இன்ஜின் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரே சீராகப் போய், வளைவில் திரும்பி, என்னிடமே வந்தது. இம்ரான் என் கையைப் பார்த்தான். அப்புறம் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு, ஒன்றுமில்லாத எதையோ மேஜையில் தேடினான்.

காபியோடு வாசலில் நின்ற அம்மாதான் பேசினாள். "அது உங்களுக்காக வெச்சதுங்க. 'அப்பா கையைப் பத்திக் கேக்காதம்மா, அவரே சொல்லட்டும். அதுவரைக்கும் வண்டி கவுந்துடாம நான் பாத்துக்குறேன்'னான்."

டம்ளரை என் கையில் தராமல், மேஜையில் வைத்தாள். இவ்வளவு நாளும் அவள் அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஏண்டா, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன், கத்தியும் இருப்பேன். அது உனக்குத் தெரியும். அவரே சொல்லட்டும் என்று காத்துக்கொண்டு இருந்தாய். நான் சொல்வதற்குள் உனக்கு என்னடா அவசரம்? வீட்டிலேயே கிழவன் நான் இருக்க, நீ முந்திக்கொண்டாயே.

அந்த சிப்பை யாரும் அழிக்க மாட்டார்கள். நான் இருக்கிறவரை அது நீ வைத்த வேகத்தில்தான் ஓடும்.

இன்னொரு வாக்கும் தருகிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை அம்மாவோடு டாக்டரைப் பார்க்கப் போகிறேன். சாக்குச் சொல்ல மாட்டேன், கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்ள மாட்டேன், மேஜைமேல் நீட்டி வைப்பேன். எப்போதிலிருந்து இப்படி நடுங்குகிறது என்று அவர் கேட்பார். அதை மட்டும் உன்னைத்தான்டா கேட்கவேண்டும். முதலில் பார்த்தவன் நீதான்.

உன்னிடம் சொல்லாமலே இருந்துவிட்ட,
உன் அப்பா